வெள்ளி விலையும் ரசீது எண்ணும்: பல வொர்க்ஃப்ளோக்களுக்குப் பொதுவான மாறிகளை எங்கே வைப்பது?

செவ்வாய்ப்பேட்டைவாசி கேட்டது:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு, மெட்டி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் கணினி வேலைகளைக் கவனித்துவருகிறேன். கடையிலுள்ள ஒரு கணினியில், பல செயலிகளை இணைத்து வேலைகளைத் தானாகச் செய்விக்கும் என்8என் மென்பொருளின் இலவசச் சமூகப் பதிப்பை நிறுவி, அன்றாட வேலைகள் சிலவற்றை அதனிடம் ஒப்படைத்திருக்கிறோம். காலையிலும் மாலையிலும் வெள்ளி விலையைப் பதிவது ஒரு வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்). வாட்ஸ்அப்பில் விலை கேட்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்குப் பதில் அனுப்புவது இன்னொன்று. சிவதாபுரம், பனங்காடு பக்கமுள்ள பட்டறைகளுக்கு வெள்ளி கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கும்போது எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி ஆகியவற்றைக் கணக்கிடுவது மற்றொன்று. ரசீது தயாரித்து அனுப்புவது நான்காவது.

இந்த நான்குக்கும் பொதுவான மதிப்புகள் சில உள்ளன: ஒரு கிராம் வெள்ளியின் அன்றைய விலை, டச்சுக்கு ஏற்ற கூலி, ஜிஎஸ்டி விகிதம், அடுத்த ரசீது எண். இப்போது இவை ஒவ்வொரு வொர்க்ஃப்ளோவிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. கூலி மாறினால் எங்கெங்கே திருத்த வேண்டும் என்று தேட வேண்டியிருக்கிறது. மென்பொருளில் இதற்கென இருக்கும் 'வேரியபிள்ஸ்' வசதி கட்டணத் திட்டங்களில்தான் கிடைக்கிறது. எனவே கோடு நோடில் (வொர்க்ஃப்ளோவின் ஒவ்வொரு படியும் ஒரு நோடு; இது நிரல் எழுதும் படி) எழுதக்கூடிய, ஓர் ஓட்டத்திலிருந்து அடுத்த ஓட்டத்துக்கு மதிப்பைச் சேமித்துவைக்கும் 'ஸ்டேடிக் டேட்டா'வைச் சோதித்துப் பார்த்தேன். விலை பதியும் வொர்க்ஃப்ளோவில் 'குளோபல்' என்று குறித்து எழுதிய விலை, ரசீது வொர்க்ஃப்ளோவில் படிக்கும்போது வெறுமையாக வருகிறது. கையால் இயக்கிப் பார்த்தால் எழுதிய மதிப்பே தங்குவதில்லை. சோதனைக்காக இரண்டு ஆர்டர்களை ஒரே நேரத்தில் அனுப்பியபோது இரண்டுக்கும் ஒரே ரசீது எண் விழுந்தது.

இத்தகைய பொது மாறிகளை முறையாக வைத்துக்கொள்ளும் வழி எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கடையில் நிரல் எழுதத் தெரிந்தவர் நான் ஒருவன் மட்டுமே என்பதையும், மின்சாரம் போனால் கணினி சில நேரம் சட்டென்று அணைந்துவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கணக்கும் நிரலும் பதில்:

நீங்கள் கண்டவை மூன்றும் பிழைகள் அல்ல. அந்த வசதி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேடிக் டேட்டாவில் 'குளோபல்' என்று குறித்தால், அதே வொர்க்ஃப்ளோவுக்குள் இருக்கும் எல்லா நோடுகளும் அதைப் படிக்கலாம். அடுத்த வொர்க்ஃப்ளோவுக்கு அது தெரியாது. மேலும், வொர்க்ஃப்ளோ செயல்பாட்டில் வைக்கப்பட்டு, டிரிக்கர் (ஓட்டத்தைத் தானாகத் தொடங்கிவைக்கும் நோடு) அல்லது வெப்ஹூக் (வெளியிலிருந்து வரும் இணைய அழைப்பு) வழியாக ஓடி, வெற்றியாக முடிந்தால்தான் மதிப்பு சேமிக்கப்படும். அதனால்தான் கையால் இயக்கும்போது தங்கவில்லை. ஓட்டம் முடியும்போதுதான் சேமிப்பு நடக்கிறது என்பதிலேயே உங்கள் மூன்றாவது சிக்கலுக்கும் விடை இருக்கிறது. இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கினால் இரண்டும் பழைய எண்ணைத்தான் படிக்கும். அடிக்கடி ஓடும் வொர்க்ஃப்ளோக்களில் இதை நம்பக் கூடாது என்று அந்த மென்பொருளின் ஆவணமே எச்சரிக்கிறது. ஒரு மின்னஞ்சல் பெட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது போன்ற, ஒரு வொர்க்ஃப்ளோவுக்கு மட்டுமே உரிய சிறு குறிப்புக்கு அது போதும். உங்கள் தேவை வேறு.

கட்டணத் திட்டத்தை வாங்கினாலும் முழுத் தீர்வு கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள மாறிகளை வொர்க்ஃப்ளோக்கள் படிக்கலாமே தவிர, ஓடும்போது அவற்றில் எழுத முடியாது. மதிப்புகள் எல்லாம் எழுத்துச் சரங்களாகவே வைக்கப்படுகின்றன. 3 என்று எழுதிவைத்தால் எண்ணாக மாற்றித்தான் பெருக்க வேண்டும்.

ஆகவே, எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு மதிப்பையும் யார் எழுதுகிறார், ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டங்கள் எழுதக்கூடும் என்று பார்க்க வேண்டும். கூலியையும் வரி விகிதத்தையும் மனிதர் எப்போதாவது மாற்றுகிறார். வொர்க்ஃப்ளோக்கள் படிக்க மட்டுமே செய்கின்றன. வெள்ளி விலையை ஒரே ஒரு வொர்க்ஃப்ளோ எழுதுகிறது, மற்றவை படிக்கின்றன. ரசீது எண்ணை ஒவ்வொரு ஆர்டரும் படிக்கிறது, மாற்றியும் எழுதுகிறது. முதல் இரண்டும் எளிய காரியங்கள். மூன்றாவதை மாறி என்று நினைப்பதையே விட்டுவிட வேண்டும்; அது எண் வழங்கும் பொறுப்பு, ஒருவர் எழுதும்போது மற்றவரைக் காக்கவைக்கும் பூட்டுப் போடத் தெரிந்த ஓரிடத்தில்தான் அது இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: அதே கணினியில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒன்றை நிறுவி, என்8என் தனக்காக வைத்திருக்கும் தரவுத்தளத்தோடு கலக்காமல், உங்கள் அட்டவணைகளைத் தனியாக வையுங்கள். அவற்றைப் படிப்பதற்கென்று ஒரு துணை வொர்க்ஃப்ளோவை எழுதி, மற்ற நான்கும் தொடக்கத்திலேயே அதை அழைக்கும்படி செய்யுங்கள். பிற்காலத்தில் அட்டவணையின் வடிவம் மாறினாலும் திருத்த வேண்டிய இடம் அந்த ஒன்றுதான்.

நான்குரோடு கணக்கர் பதில்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நிரல் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே இருக்கும் கடையில், கூலி மாற்றத்தைக் கடைக்காரரே செய்ய ஒரு வழி இருக்க வேண்டும். அதற்கு கூகுள் ஷீட் வசதியானது. மனிதர் எழுதி, வொர்க்ஃப்ளோ படிக்கும் மதிப்புகளுக்கு அது ஏற்றதே. ஆனால் ஒவ்வொரு வாட்ஸ்அப் கேள்விக்கும் ஷீட்டைத் திறந்து படித்தால், ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 வாசிப்பு என்ற கூகுளின் வரம்பு பரபரப்பான நாளில் குறுக்கே வரும். ஷீட்டில் மாற்றம் நடந்தால் அதைச் சரிபார்த்துத் தரவுத்தளத்துக்கு நகலெடுக்கும் சிறு வொர்க்ஃப்ளோ ஒன்று இருந்தால், மற்றவை தரவுத்தளத்தை மட்டும் படிக்கலாம். சரிபார்ப்பை விட்டுவிட வேண்டாம். கூலிக்கான கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல் விழுந்தால், அந்த நகல் வொர்க்ஃப்ளோ மறுத்து நிற்க வேண்டும். அதுவரை பழைய மதிப்பே செல்லட்டும்.

வரி விகிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கணக்கு எழுதுபவர்களுக்கு அதிகத் தொல்லை தருவது அதுதான். விகிதத்தை ஒற்றை மதிப்பாக வைக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் சேர்த்து ஒரு வரிசையாக வையுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடைகளில் ஒன்றின் விலை ரூ.1,000க்கு மேல் ரூ.2,500 வரை இருந்தால் 12 விழுக்காடு 5 ஆயிற்று, ரூ.2,500ஐத் தாண்டியவற்றுக்கு 12 என்பது 18 ஆயிற்று. மாறியது விகிதம் மட்டுமன்று, எந்த விலையில் கோடு கிழிப்பது என்பதும் மாறியது. விகிதத்தை ஒரு மாறியில் வைத்து அன்று காலை மேலெழுதியவர்களுக்குப் புதிய ரசீதுகள் சரியாகவே வந்திருக்கும். ஆனால் செப்டம்பர் 15 அன்று விற்ற அத்தகைய ஆடை அக்டோபரில் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட் (வரவுக் குறிப்பு) பழைய ரசீதிலிருந்த 12 விழுக்காட்டில்தான் போட வேண்டும். அந்தப் பழைய விகிதம் மாறியில் இருக்காது. வெள்ளி நகைக்கு 3 விழுக்காடு அன்று மாறவில்லை என்பதால் உங்களுக்கு இது உறைத்திருக்காது. அட்டவணையைப் புதிதாகக் கட்டும்போதே 'இந்தத் தேதி முதல்' என்ற ஒரு பத்தியை (நெடுவரிசையை)ச் சேர்த்துவிடுங்கள். ரசீதின் தேதியைக் கொடுத்து, அந்த நாளுக்கோ அதற்கு முன்னரோ தொடங்கிய வரிசைகளில் கடைசியானதை எடுத்தால் போதும். கூலிக்கும் இதுவே பொருந்தும்.

சேர்வராயன்மலை பதில்:

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் பல்ப் ஹவுஸில் (பழத்தின் தோல் நீக்கிக் கழுவும் கூடத்தில்) இதே போன்ற நோட்-ரெட் மென்பொருளை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓட்டுகிறோம். மென்பொருள் வேறாக இருந்தாலும் மின்தடையைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

நோட்-ரெட்டில் பொது மாறிகளுக்கு மூன்று எல்லைகள் உண்டு: ஒரு நோடுக்குள் மட்டும், ஒரு ஃப்ளோ பக்கத்துக்குள் மட்டும், எல்லாப் பக்கங்களுக்கும் பொது. எல்லை விரிவாக இருப்பதாலேயே மதிப்பு நிலைத்து நிற்கும் என்று பொருளில்லை. இயல்பான அமைப்பில் மூன்றுமே நினைவகத்தில்தான் இருக்கும். கணினி அணைந்தால் மூன்றும் போய்விடும். அராபிகா பழத்தைத் தோல் நீக்கித் தொட்டியில் இட்டால், பசை பிரிய 24 முதல் 36 மணி நேரம் வரை நொதிக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் கொட்டையின் தரம் கெடும். தொட்டி நிரம்பிய நேரம்தான் எங்களுக்குப் பொது மாறி. கழுவும் நேரத்தை ஆட்களுக்கு அறிவிப்பது, வெப்பநிலையைப் பதிவது, நாளேட்டில் எழுதுவது ஆகிய எல்லாமே அதைத்தான் பார்க்கின்றன. அறுவடைக் காலம் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியோடு சேர்ந்தே வருவதால், மலையில் மின்சாரம் போகும் நாள்களும் அவைதான். அந்த ஒரு மதிப்பு அழிந்தால் தொட்டி எப்போது நிரம்பியது என்று ஆளைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இதற்கு அமைப்புக் கோப்பில் சேமிப்பிடத்தைக் கோப்பு முறைக்கு மாற்றும் வழி உண்டு. ஆனால் அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: மதிப்பு மாறியவுடன் அது வட்டில் எழுதப்படுவதில்லை, இயல்பாக 30 விநாடிக்கு ஒருமுறைதான் எழுதப்படுகிறது. தொட்டி நேரத்துக்கு அந்த அரை நிமிடம் பொருட்டல்ல. உங்கள் ரசீது எண்ணுக்கு அது பெரிய விஷயம். நாங்கள் இரண்டு சேமிப்பிடங்களையும் வைத்துக்கொண்டு, நொடிக்கு நொடி மாறும் வெப்பநிலையை நினைவகத்திலும், தொட்டி நேரத்தைக் கோப்பிலும் வைக்கிறோம். எல்லாவற்றையும் வட்டில் எழுதினால் பை கணினியின் மெமரி கார்டு விரைவில் தேய்ந்துபோகும்.

ரசீதுக் கணினிக்கு யூபிஎஸ் இருந்தால், மின்கலம் குறையும்போது கணினியை ஒழுங்காக அணைக்கச் சொல்லும் இணைப்பு வடத்தையும் பொருத்துங்கள். பல இடங்களில் யூபிஎஸ் இருக்கும், அந்த வடம் மட்டும் பெட்டியிலேயே கிடக்கும்.

செவ்வாய்ப்பேட்டைவாசி பதில்:

அனைவருக்கும் நன்றி. தேதி முதல் என்ற பத்தியைக் கட்டாயம் சேர்ப்பேன். இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன.

ஒன்று, காலை 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் விலை சொல்கிறோம். வாடிக்கையாளர் மாலை 4 மணிக்கு ஆர்டரை உறுதி செய்கிறார். அதற்குள் வெள்ளி விலை மாறிவிடுகிறது. சில சமயம் ஒரு வொர்க்ஃப்ளோ ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை மாறி, ஒரே ரசீதில் முதல் வரிக்கு ஒரு விலையும் கடைசி வரிக்கு வேறு விலையும் வர வாய்ப்புண்டா? இரண்டு, போஸ்ட்கிரஸில் எண் வழங்க 'சீக்வென்ஸ்' என்ற வசதி இருப்பதாகப் படித்தேன். அதைப் பயன்படுத்தலாமா, அல்லது நினைவகத்தில் தரவை வைக்கும் ரெடிஸ் தரவுத்தளம் போதுமா?

கணக்கும் நிரலும் பதில்:

விலையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிக்கும் விலையை மறுபடி மறுபடி படித்தால் நீங்கள் அஞ்சுவது நடக்கும். ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒருமுறை படித்து, படித்த நேரத்தோடு சேர்த்துத் தரவின் கூடவே அடுத்தடுத்த நோடுகளுக்கு அனுப்பிவிடுங்கள். இடையில் யாரும் திரும்பப் போய்க் கேட்கக் கூடாது. ஒரு ஓட்டத்துக்குள் பொது மாறி என்பது முதல் நோடோடு முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு அது அந்த ஆர்டரின் சொந்த மதிப்பு. 11 மணிக்குச் சொன்ன விலை மாலை 4 மணிக்குச் செல்லுமா என்பதைக் கடை உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்த முடிவையும் செயல்படுத்த வேண்டுமென்றால், சொன்ன விலையும், சொன்ன நேரமும், எதுவரை செல்லும் என்பதும் அந்த விசாரணையின் வரிசையிலேயே பதிவாகியிருக்க வேண்டும். விலை அட்டவணையிலும் பழைய விலையின் மேல் எழுதாமல், நேரத்தோடு புதிய வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். 'அன்று என்ன விலை போட்டீர்கள்?' என்று பட்டறைக்காரர் கேட்டால் அந்த அட்டவணையைத் திறந்து காட்டலாம்.

இனி ரசீது எண். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதி, ரசீது எண் தொடர் வரிசையில் இருக்க வேண்டும், 16 எழுத்துக்குறிகளைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்கிறது. போஸ்ட்கிரஸின் சீக்வென்ஸ் ஒரே எண்ணை இருவருக்குத் தராது. ஆனால் எண்ணை எடுத்த பிறகு ரசீது பதிவு தோல்வியுற்றால் அந்த எண் திரும்பி வராது. வரிசையில் ஓட்டை விழும். விரைவுக்காகவே அது அப்படி அமைக்கப்பட்டுள்ளது. ரெடிஸில் எண்ணை ஒன்று கூட்டும் கட்டளை உண்டு, என்8என்னின் ரெடிஸ் நோடிலும் அது இருக்கிறது. அதுவும் இருவருக்கு ஒரே எண்ணைத் தராது. ஆனால் இயல்பான அமைப்பில் ரெடிஸ் அவ்வப்போதுதான் வட்டில் நகல் எடுக்கிறது. மின்சாரம் போய்க் கணினி மீண்டும் எழும்போது பழைய எண்ணிலிருந்து தொடங்கினால், ஏற்கெனவே கொடுத்த எண்களையே மறுபடி கொடுக்கும். ஓட்டையைவிட இது மோசமானது. உங்கள் கடையில் கணினி சட்டென்று அணைவதுண்டு என்று சொன்னதால் ரெடிஸை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரண அட்டவணை ஒன்றே போதும். தொடரின் பெயர், நிதியாண்டு, கடைசி எண் என்று மூன்று பத்திகள். எண்ணைப் படிப்பது ஒரு நோடு, கூட்டி எழுதுவது அடுத்த நோடு என்று பிரித்தால் பழைய சிக்கலே திரும்பும். என்8என்னில் 2025இல் வந்த 'டேட்டா டேபிள்' வசதியை ரசீது எண்ணுக்கு நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். அங்கே படிப்பதும் எழுதுவதும் தனித்தனிப் படிகள். போஸ்ட்கிரஸிலோ, 'அப்டேட்' கட்டளையிலேயே கடைசி எண்ணை ஒன்று கூட்டி, 'ரிட்டர்னிங்' மூலம் புதிய எண்ணைத் திரும்பப் பெறலாம். முதல் ஓட்டம் அந்த வரிசையைத் திருத்தும்போது அது பூட்டப்படுகிறது. இரண்டாவது ஓட்டம் காத்திருந்து, முதலாவது முடிந்த பின் புதிய எண்ணின் மேல்தான் கூட்டும்.

இன்னும் ஒரு படி முக்கியம். எண்ணைக் கூட்டுவதையும் ரசீது வரிசையைச் சேர்ப்பதையும் கட்டளைகளை இணைக்கும் 'வித்' கொண்டு ஒரே கட்டளையாக எழுதுங்கள். ரசீது சேரவில்லையென்றால் எண்ணும் உயராது. ஓட்டை விழ வழியில்லை. ரசீது அட்டவணையில் ஆர்டர் எண் திரும்ப வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வையுங்கள். வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் நோடு தோற்று, வொர்க்ஃப்ளோ முதலிலிருந்து மறுபடி ஓடினால், அதே ஆர்டருக்கு இரண்டாவது ரசீது போட முயலும்போது கட்டுப்பாடு தடுக்கும், எண்ணும் பின்வாங்கும். தடுக்கப்பட்டால் ஏற்கெனவே உள்ள ரசீதைப் படித்து மேலே செல்லும்படி பிழைப் பாதையை அமைத்தால் போதும்.

நான்குரோடு கணக்கர் பதில்:

இதோடு ஒன்று: அந்த விதி ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அனுமதிக்கிறது. கடையில் கையால் போடும் ரசீதுக்கும் வொர்க்ஃப்ளோ போடும் ரசீதுக்கும் ஒரே தொடரை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒத்திசைக்கப் பாடுபட வேண்டாம். வெவ்வேறு முன்னொட்டுகளோடு தனித்தனித் தொடராக வைத்தால், பகிர வேண்டிய மாறி ஒன்று குறைகிறது. ரத்தான ரசீதுகளை அட்டவணையிலிருந்து நீக்காமல் ரத்து என்று குறித்து வையுங்கள். விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் எந்த எண் முதல் எந்த எண் வரை, அவற்றில் ரத்தானவை எத்தனை என்று தொடர்வாரியாகக் காட்ட வேண்டும்.

சேர்வராயன்மலை பதில்:

வாட்ஸ்அப் இணைப்புக்கான ரகசியக் குறியீட்டையும் இந்தப் பொது அட்டவணையில் சேர்த்துவிட வேண்டாம். அதற்கு என்8என்னில் 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற தனி இடம் இருக்கிறது. அங்கே குறியாக்கம் செய்யப்பட்டுச் சேமிக்கப்படும். அட்டவணையில் வைத்தால், படிக்கும் ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவிலும் அது வெளிப்படையாகத் தெரியும். குறியாக்கத் திறவுகோலையும் கணினிக்கு வெளியே நகலெடுத்து வையுங்கள். தரவுத்தளத்தின் நகல் கையில் இருந்தும் அந்தத் திறவுகோல் இல்லையென்றால், ஒவ்வொரு இணைப்பையும் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கும் நிரலும் பதில்:

தேதியை வைத்து விகிதம் தேடப் போவதால் இதையும் உடனே சரிபார்த்துவிடுங்கள். சொந்தக் கணினியில் நிறுவிய என்8என்னின் நேர மண்டலத்தை நாம் மாற்றாவிட்டால், அது நியூயார்க் நேரத்தில் இருக்கும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்று காலை 9.30 மணி வரை அதற்கு மார்ச் 31தான். அதற்கு முன் போடும் ரசீது பழைய நிதியாண்டின் தொடரில், பழைய எண்ணைத் தொடர்ந்து விழும். நேர மண்டலத்தைச் சூழல் மாறியில் (மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பில்) ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, மென்பொருளை மறுபடி தொடங்குங்கள். தனியாக நேர மண்டலம் குறிக்கப்பட்ட வொர்க்ஃப்ளோ ஏதேனும் இருந்தால் அதன் அமைப்பையும் பாருங்கள். போஸ்ட்கிரஸ் 'இன்றைய தேதி' என்று தருவதும் அதன் இணைப்பின் நேர மண்டலத்தைப் பொறுத்ததே; ஆகவே கட்டளைக்குள் தேதியை அதனிடம் கேட்காமல், ஓட்டத்தின் தொடக்கத்தில் விலையோடு சேர்த்து எடுத்த ரசீதுத் தேதியையே அதற்கும் கொடுங்கள்.